கருசக்காட்டுக்கு வந்த படகு மூடி

ஏ மாப்ளே, தாயில்பட்டி வரலாற்றை எவனாவது எழுத வந்தா உன் பேரை மொதப் பக்கத்துலயே போடச் சொல்லணும். இந்தப் பக்கம் பட்டாசு வாங்க நாலு திக்குலேருந்தும் ஆளு வருது. தீப்பெட்டிப் பண்டலு லாரி லாரியா வடக்க போகுது. ஆனா படகைப் போர்த்துற கித்தானைத் தூத்துக்குடி பழைய சாமான் கடையில பேரம் பேசி வாங்கி, சரக்கு இறக்கிட்டுச் சும்மா திரும்புற லாரியில போட்டு ஊருக்குள்ள கொண்டாந்தவன் நீ ஒருத்தன்தான். மூடி வந்துருச்சு. படகு எப்ப வருது? வைப்பாத்துல விட்டுருவோமா? வெம்பக்கோட்டை அணை நெறைஞ்சு தண்ணி தொறக்குற வரைக்கும் மணல்ல நாலு பேரா தள்ளிக்கிட்டுத் திரிவோம். நான் ஒரு பக்கம் புடிக்கிறேன்.

கோவிச்சுக்காதே. கடல் சாமான் இந்தக் கருசல் மண்ணுக்கு வர்றது ஒண்ணும் புதுசு இல்ல. அந்தா இருக்கு விஜயகரிசல்குளம். 2022லேருந்து தொல்லியல் துறைக்காரங்க குழி வெட்டிப் பாத்ததுல சங்கு வளையலா எடுத்தாங்க. சங்கு என்ன கம்மங்காட்டுலயா வெளையும்? கடல்லேருந்துதான வந்துருக்கணும். அன்னைக்கும் உன்னய மாதிரி ஒரு புண்ணியவான் சுமந்துட்டு வந்துருப்பான். அவன் கொண்டாந்த சங்கு வளையலாச்சு. நீ கொண்டாந்தது என்ன ஆகப்போகுதுன்னுதான் ஊரு பாத்துக்கிட்டு இருக்கு. 1920கள்ல அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியிலேருந்து கல்கத்தா வரைக்கும் போயித் தீப்பெட்டித் தொழிலைக் கத்துக்கிட்டு வந்தாங்க. இன்னைக்கு ஜில்லாவே அதுல சோறு திங்குது. நீ தூத்துக்குடி வரைக்கும் போயி ஓட்டைக் கித்தானோட வந்துருக்கே. உங்கம்மா, அதான் எங்கக்கா, நேத்து வந்து என் திண்ணையில உக்காந்து மூக்கைச் சிந்துறா.

சும்மா சொல்லக்கூடாது, சரக்கு சோடையில்ல. நீ இல்லாத நேரம் பாத்து வந்து ஒரு ஓரத்தைக் கசக்கிப் பாத்தேன். அசல் பருத்தி. நெருக்கமான நெசவு. உன் லாரிக்கு மேல இப்பக் கட்டியிருக்கியே நீலக் கலர் பிளாஸ்டிக் தார்ப்பாய், அது மழையை உள்ள விடாதுதான். உள்ள இருக்கிற ஆவியையும் வெளிய விடாது. பகல் வெயில்ல அட்டைப்பெட்டியில உள்ள ஈரம் ஆவியாகி மேல ஏறும். விடியக்காலம் குளுந்து, தார்ப்பாயோட அடிவயித்துல வேர்த்து நின்னு, திரும்பச் சரக்கு மேலயே சொட்டும். மழையே பெய்யாத ராத்திரியில சரக்கு நனைஞ்சிருச்சுன்னு பார்ட்டிகிட்ட தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணினியே, நீ பொய் சொல்லல மாப்ளே. உன் மூஞ்சிதான் பொய் சொல்ற மூஞ்சி.

கித்தான் மூச்சு விடும். கரையில ஏத்தி வச்ச மரப்படகுக்கு இதைப் போர்த்துறதே அதுக்குத்தான். மழையும் உள்ள எறங்கக்கூடாது, பலகை உள்ளுக்குள்ள புழுங்கி உளுத்தும் போகக்கூடாது. தீப்பெட்டிக்கும் அதே வழக்குதான். ஒரு பண்டலுக்கு 600 பெட்டி. அது நமுத்துப்போனா ஒவ்வொரு குச்சியா உரசிப் பாத்துக்கிட்டு யாரு உக்காந்திருப்பா? அடுப்புப் பக்கம் காயவைப்போம்னு உனக்கு யோசனை வரும். வச்சா, உரசாமலே பத்தும். காலண்டர் லோடுன்னா கேக்கவே வேண்டாம். ஜனவரியும் பிப்ரவரியும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டா வாங்குனவன் பொங்கலைக் கொண்டாடிட்டு நேரா பங்குனிக்குப் போகவேண்டியதுதான்.

பருத்திக்கு இன்னொரு குணம் உண்டு. நனைஞ்சா நூலு ஊதும். ஊதி, இழைக்கு இழை உள்ள சந்தைத் தானே அடைச்சுக்கும். அதனால நல்ல கித்தான் முதல் மழையில லேசாக் கசிஞ்சு பொறவு நின்னுக்கும். நிக்கிற நேரத்துல நீ உள்ளேருந்து விரலை வச்சுக் குத்திப் பாக்காம இருக்கணும். தொட்ட எடத்துல தண்ணி விரல் வழியா எறங்க வழி கண்டுபிடிச்சிரும். அப்பறம் சொட்டிக்கிட்டே இருக்கும். சரக்கும் துணியில முட்டக்கூடாது. நீதான் கம்பிக்கு மேல ஒரு பெட்டி கூட ஏத்துற கெட்டிக்காரனாச்சே, அந்த ஒரு பெட்டி முனைதான் விரலு.

இப்ப உன் கைங்கரியத்துக்கு வருவோம். வாங்கியாந்த மறுநாளே வாஷிங் பவுடரைக் கொட்டி ஊறவச்சு, அதுவும் பத்தாதுன்னு வாட்டர் சர்வீஸுல லாரி கழுவுற பைப்பை வச்சு அடிச்சு எடுத்தியாமே. சபாசு. கொஞ்சம் நீலமும் போட்டிருந்தா மாப்பிள்ளை வேட்டியாவே ஆயிருக்கும். பவுடரோட உத்தியோகமே தண்ணியை நூலுக்குள்ள இழுத்துக்கிட்டுப் போறதுதான். அழுக்கு போச்சு, சரி. பழைய படகுக்காரன் வருசக்கணக்கா ஏத்தி வச்சிருந்த மெழுகுப் பதமும் அதோட போச்சு. மிச்ச பவுடரு துணிக்குள்ளயே தங்கி, மழையை வாய்யா வாய்யான்னு கூப்பிட்டுக்கிட்டு இருக்கு. பைப்பு அடிச்ச அடியில தையல் ஓரமெல்லாம் பிசிறு தட்டிருச்சு. நல்லவேளை, பிளீச்சிங் பவுடர் உன் கண்ணுல படல. அது கறையோட சேத்து நூலோட உசுரையும் எடுத்துரும்.

கித்தானுக்கு மொத வேலை தண்ணியே இல்லாத வேலை. காய விட்டு, விரிச்சுப்போட்டு, தேங்காநார் பிரஷ்ஷால தூசியைத் தட்டி எடுக்கணும். நம்ம கருசல் மண்ணு காஞ்சா உதுந்துரும், நனைஞ்சா அப்பிக்கிடும். காயாம தண்ணி ஊத்தினா அழுக்கை நாமளே துணிக்குள்ள ஊட்டி விடுறதாத்தான் அர்த்தம். கம்பி பிரஷ்ஷை எடுத்தே, கையை ஒடிப்பேன்.

பொறவு நல்ல தண்ணி. நம்ம ஊரு போர் தண்ணி இல்ல, நல்ல தண்ணி. இது கடல்காத்துல கெடந்த துணி. நூலுக்கு நூலு உப்பு இருக்கும். உப்பு காத்துல உள்ள ஈரத்தை உறிஞ்சிக்கிட்டே இருக்கும், அதனால என்ன காயவச்சாலும் தொட்டா சில்லுன்னு இருக்கும். சந்தேகமா இருந்தா ஒரு ஓரத்தை நாக்கால தொட்டுப் பாரு. வெக்கப்படாதே, ஊரு ஏற்கெனவே பேசிக்கிட்டுத்தான் இருக்கு. கரிப்பு தெரியாம போற வரைக்கும் அலசு. நீ போட்ட பவுடரும் அந்த அலசலோட போகணும். புழிஞ்ச தண்ணியில நுரை நிக்கக்கூடாது, அதுதான் கணக்கு.

அந்த மடிப்புல கரும்புள்ளி கரும்புள்ளியா இருக்கே, அது அழுக்கு இல்ல, பூசணம். பருத்தியைத் திங்கிற பய. வெள்ளை வினிகரைத் தண்ணியில கலந்து தடவி, வெயில்ல போட்டு, காஞ்சதும் தேச்சு விடு. பூசணம் செத்தாலும் புள்ளி போகாது. அழகு பாத்து அதையே தேச்சுக்கிட்டு நின்னா, புள்ளி போன எடத்துல ஓட்டைதான் இருக்கும். லாரியை என்ன பொண்ணு பாக்கவா கூட்டிக்கிட்டுப் போறே?

காயவைக்கிறதுக்கு மட்டும் இந்த ஊரை அடிச்சுக்க ஆளு கெடையாது. மழை கம்மி, வெயிலு ஜாஸ்தின்னுதான் தீப்பெட்டியும் பட்டாசுமே இங்கன வேரு விட்டுச்சு. ஆனா நீ அந்த வெயிலை ஆனி, ஆடி, ஆவணி முழுக்கத் திண்ணையில படுத்து வேடிக்கை பாத்துட்டு, தீபாவளி லோடு ஏத்துற நேரத்துல வந்து நிக்கிறே. கேட்டா கார்த்திகைக்குப் பொறவு மழையில்லைன்னு பழமொழி சொல்றே. பழமொழி சொன்னவன் லாரி ஓட்டல மாப்ளே. அக்டோபர்ல வாடைக் காத்தோட மழை எறங்கினா டிசம்பர் வரைக்கும் எப்ப வரும் எப்ப விடும்னு எவனும் சொல்ல முடியாது. இன்னும் சில நல்ல வெயிலு பாக்கி இருக்கு. ரெண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் போடு. துணி நடுவுல தொட்டுப் பாத்துக் காஞ்சிருச்சுன்னு ஏமாறாதே. ரெட்டை மடிப்புத் தையல் இருக்கு பாரு, அதைக் கன்னத்துல வச்சுப் பாரு. சில்லுன்னு இருந்தா உள்ள ஈரம் இருக்கு.

காஞ்சதும் கிழிசலைத் தையி. முதல்ல தையல், பொறவுதான் பதம் ஏத்துறது. மாத்திச் செஞ்சா ஒட்டுத்துணி பதம் இல்லாம நின்னுரும். கோணி ஊசியும் பருத்தி நூலும். நைலான் நூலு பலம்தான், ஆனா நனைஞ்சா ஊதாது, ஊசி போன ஓட்டை அப்படியே தொறந்து கெடக்கும். பருத்தி நூலு ஊதி ஓட்டையை அடைச்சுக்கும். நூலை ஒரு மெழுகுவத்தித் துண்டுல ரெண்டு இழு இழுத்துக்கோ. மெழுகுக்கு இந்தக் காரியத்துல நான் கொடுக்கிற வேலை அம்புட்டுத்தான். ஏன்னு சொல்றேன்.

மெழுகை உருக்கி மண்ணெண்ணெயில கரைச்சு அடிச்சா தண்ணி ஒட்டவே ஒட்டாதுன்னு எவனோ உனக்கு ஓதியிருக்கான். உண்மைதான், ஒட்டாது. அமெரிக்காவுல ஹார்ட்ஃபோர்டுன்னு ஒரு ஊரு. 1944 ஜூலை 6ஆம் தேதி ரிங்லிங் சர்க்கஸ் கொட்டாயில ஆயிரக்கணக்குல சனம், பெரும்பாலும் பொம்பளையும் புள்ளையும். அந்தக் கொட்டாய்த் துணிக்கும் இதே மாதிரி வைத்தியந்தான் பண்ணியிருந்தாங்க, பெட்ரோல்ல கரைச்ச மெழுகு. மழைக்கு நல்லாத்தான் தாங்குச்சு. ஒரு ஓரத்துல தீப் புடிச்சுச்சு. பத்து நிமிசம் ஆகல, மொத்தக் கூரையும் எரிஞ்சு சனத்து மேலயே எறங்கிருச்சு. 160 பேருக்கு மேல போயிட்டாங்க. அங்க சுத்தி வெறும் மைதானம். இங்க உன் வீட்டுக்குத் தெக்க தீப்பெட்டியாபீசு, வடக்க பட்டாசு செய்யிற பயராபீசு, நடுவுல நீ அடுப்பு மூட்டி மெழுகு காய்ச்சப் போறியாக்கும். வெடி விபத்துல இந்த ஊரு அழுதது பத்தாதா?

எண்ணெய் பூசலாமாங்கிறதும் உன் கேள்விதான. விருதுநகர்ல எண்ணெய்க்குப் பஞ்சமில்ல, தெரியும். நல்லெண்ணெய்யை ஊத்தினா துணி தீபாவளிக்குத் தலைமுழுகத் தயாரா இருக்கும், அவ்வளவுதான். அது காயாது. பிசுபிசுன்னு நின்னு, ஜில்லாப் புழுதியை எல்லாம் இழுத்து ஒட்டிக்கிட்டு, சிக்கு நாத்தம் புடிக்கும். அந்தக் காலத்துல கடல்காரங்க பூசினது ஆளிவிதை எண்ணெய். அது காத்துப் பட்டு இறுகும். இறுகும்போது சூடேறும், அதுதான் வில்லங்கம். அந்த எண்ணெய் தொடைச்ச துணியைச் சுருட்டி மூலையில எறிஞ்சுட்டுப் போனா, சூடு வெளிய போக வழியில்லாம, தீக்குச்சியே இல்லாம தானா புகைஞ்சு பத்தும். இது கதை இல்ல. பெயிண்டு வேலை தெரிஞ்சவன்கிட்டக் கேளு. பட்டாசு ஊருல அந்தக் கந்தத்துணி நமக்கு வேண்டாம்.

அப்ப என்னதான் செய்யன்னு மூஞ்சியைத் தொங்கப்போடாதே. உன் வீட்டு வாசல்ல திருஷ்டிக்குக் கட்டித் தொங்குதே, அதான் மருந்து. படிகாரம். சிரிக்காதே. அதோட சோப்பு. சோப்பு வேண்டாம்னு இப்பத்தான சொன்னேரு மாமான்னு வாயைத் தொறக்கிறே பாரு. நான் வேண்டாம்னது பவுடரை. இது பழைய காலத்து பார் சோப்பு, எண்ணெயும் காரமும் சேத்துக் காய்ச்சினது. அதைச் சீவி சுடுதண்ணியில கரை. ஒரு லிட்டருக்குச் சுமார் 60 கிராம். பிரஷ்ஷால ரெண்டு பக்கமும் நல்லா ஊறத் தடவு. அரைக் காய்ச்சலா இருக்கும்போது, இன்னொரு வாளியில அதே கணக்குக்குப் படிகாரத்தைக் கரைச்சு மேல தடவு. படிகாரத்துல உள்ள அலுமினியமும் சோப்புல உள்ள கொழுப்பும் நூலுக்குள்ளயே ஒண்ணாச் சேந்து, தண்ணியில கரையாத ஒரு வெள்ளைப் பிசினா ஒக்காந்துக்கும். அது தண்ணியை அண்ட விடாது, ஆனா இழைக்கு நடுவுல உள்ள சந்தை அடைக்காது. துணி மூச்சும் விடும், மழையையும் தாங்கும். பவுடரு இந்த வேலையைச் செய்யாது, அதுக்கு அந்தக் கொழுப்பு கெடையாது. உனக்கு இருக்கிற கொழுப்பும் இதுக்கு ஆகாது.

நல்ல தண்ணியில கரைன்னு சொல்றது காரணத்தோடதான். உப்புத்தண்ணியில சோப்பைப் போட்டா, வாளியிலயே திரிதிரியாத் திரிஞ்சு போகும். துணிக்கு ஒண்ணும் மிஞ்சாது. படிகாரம் மலிவா இருக்குன்னு அள்ளிக் கொட்டவும் வேண்டாம். அது புளிப்பு, ஜாஸ்தியானா நூலை அரிக்கும்.

முழுசாக் காஞ்ச பொறவு ஒரு சொம்புத் தண்ணியை மேல விடு. சேம்பு எலையில உருளுறாப்ல உருண்டு ஓடுச்சுன்னா ஜெயிச்சே. கறுத்து ஊறுச்சுன்னா அந்த எடத்துல மட்டும் திரும்ப ஒரு கை. இதுக்கு வருசா வருசம் ஒரு தடவை போட வேண்டியிருக்கும். மெழுகு அளவுக்கு உறுதி கெடையாது, அதை மறைக்க மாட்டேன். மேல தண்ணி குளமா நின்னா உள்ள எறங்கத்தான் செய்யும். அதனால நடுவுல முன்னேருந்து பின்னால வரைக்கும் ஒரு கயிறை விறைப்பா இழுத்துக் கட்டி, அதுக்கு மேல கித்தானைப் போட்டுக் கூரைச் சரிவா விடு. பள்ளம் விழாம பாத்துக்கோ. ஓரத்துல கட்டுற கயிறை ஒரேயடியா இறுக்கித் தொலைக்காதே. பருத்தி நனைஞ்சா சுருங்கும், வளையம் பிச்சுக்கிட்டு வந்துரும்.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். மறக்கல, நீ எழுந்து ஓடிருவேன்னு கடைசிக்கு வச்சிருந்தேன். மழை நாள்ல பக்கத்துப் பயராபீசுல படுதா இரவல் கேப்பாங்க. நீயும் பெரிய மனுசன் கணக்கா தூக்கிக் கொடுத்துருவே. வெறும் அட்டைப்பெட்டி, பேப்பர்க் குழாய்க்குன்னா கொடு. வெடிமருந்து இருக்கிற எடத்துக்குன்னா கொடுக்காதே. மருந்து நனைஞ்சா நமுத்துப்போகும், அவ்வளவுதானன்னு நீ நெனப்பே. அலுமினியப் பவுடர் கலந்த கலவையில ஈரம் பட்டா உள்ளுக்குள்ள சூடு ஏறும். வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது, ராத்திரி கழிச்சுக்கூட வெடிக்கும். தண்ணி பட்டா தீ அணையும்னு உலகம் முழுக்க நம்புது. இந்தச் சாமானுக்கு அந்த நியாயம் செல்லாது. உன் படுதா ஒழுகி ஒருத்தன் குடும்பம் போச்சுன்னு இருக்க வேண்டாம்.

வேலை முடிஞ்சு வந்தா ஈரத்தோட மடிச்சு எறியாம, காயவிட்டு, மடிக்காம சுருட்டி, செங்கல் மேல ஒரு பலகை போட்டு அதுல வை. ஒரே எடத்துல மடிச்சுக்கிட்டே இருந்தா அந்தக் கோட்டுலயே கிழியும். சோப்புல கொழுப்பு இருக்கிறதால எலி வந்து ருசி பாக்கும். பூனை வளக்கச் சொல்லி உங்கத்தை ரொம்ப நாளா சொல்றா. எங்க வீட்டுல கெடக்குற பூனையில ஒண்ணை நீயே புடிச்சுக்கிட்டுப் போ. சும்மாத் தர்றேன்.

பாக்கி ஒரே ஒரு சங்கதி. படகுக்கு முன்னாடி கூர்மூக்கு இருக்கும். அதுக்குத் தகுந்தாப்ல இந்தக் கித்தானையும் மூக்கு வச்சுத் தச்சிருக்கான். உன் லாரிக்கு மூக்கு கெடையாது. அந்த மூக்கை அப்படியே விட்டா காத்துல படபடன்னு அடிச்சு, தையலையே பிச்சு எடுத்துரும். வெட்டித்தான் ஆகணும். நேராப் புடிச்சு வெட்டி, ஓரத்தை ரெட்டையா மடிச்சுத் தச்சுரு. நானே வந்து புடிச்சுக்கிறேன், உனக்குக் கோணலா வெட்டுற கை. வெட்டின துண்டைத் தூர எறியாதே. முக்கோணமா, நல்ல பெரிய துண்டா வரும். என் ஆட்டுக்கொட்டாய்ல சாரல் அடிக்கிற மூலையும் முக்கோணந்தான். அளந்தும் பாத்துட்டேன், கச்சிதமாப் பொருந்துது. படிகாரத்தை ஒரு கட்டி கூடவே வாங்கிட்டு வா. காசு அத்தைகிட்டக் கேளு, அவ தருவா.